முதலில் ஆண்டு, பிறகு இன்ஜின்

மதுரையில் என் வீட்டு மாடியறையில், சுவரை ஒட்டி 14 அடி நீளத்துக்கு ஒரு மேசை போட்டிருக்கிறேன். அதன்மேல் சத்திரக்குடி ரயில் நிலையம் இருக்கிறது. பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே உள்ள அந்த ஊரில் என் அப்பா உதவி ஸ்டேஷன் மாஸ்டராக வேலை பார்த்தார். மேசையில் இருப்பது இன்றைய சத்திரக்குடி அல்ல, 1979 மார்ச் மாதத்துச் சத்திரக்குடி. பார்க்க வருகிறவர்கள் தண்டவாளத்தைப் பார்க்கிறார்கள், பனைமரத்தை எண்ணுகிறார்கள், குனிந்து டிக்கெட் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: "ஏன் டீச்சர், 1979?"

நியாயமான கேள்விதான். அந்த வருடம் அந்த ஸ்டேஷனில் எந்தப் பெரிய சம்பவமும் நடக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வருடத்துக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியும். மாடல் ரயில் கட்ட ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு இன்ஜினைப் பற்றி யோசியுங்கள். நீங்கள் எடுக்கும் ஆண்டு அழகான ஆண்டாகவோ புகழ்பெற்ற ஆண்டாகவோ இருக்க வேண்டியதில்லை. யாராவது விரலை நீட்டி "இது ஏன் இப்படி?" என்று கேட்டால், நீங்கள் பதில் சொல்லத் தெரிந்த ஆண்டாக இருந்தால் போதும்.

பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கண்ணுக்குப் பிடித்த ஒரு கரி இன்ஜினை வாங்குகிறார்கள். அதற்குப் பின்னால் நீல நிறப் பெட்டிகளைக் கோக்கிறார்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் வந்தே பாரத் நிற்கிறது, நடைமேடையில் குதிரை வண்டி நிற்கிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஓட்டிப் பார்க்கும்போது முதல் வாரம் மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டாவது மாதம் அந்தப் பலகையைத் துணி போட்டு மூடிவிட்டேன். வண்டிகள் சுற்றின, ஆனால் எந்த வண்டியும் எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் போகவில்லை. காலம் இல்லாத இடத்தில் ஊரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்தக் கலை வேரூன்றிய நாடுகளில் இதற்கென்று ஒழுங்கே வகுத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் ரயில்வே வரலாற்றை ஆறு 'எபோக்'குகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். என்.இ.எம். 800 என்று அதற்கு ஒரு தர அளவுகோலே உண்டு. ஜெர்மனியில் கடையில் வாங்கும் பெட்டியின் அட்டையிலேயே அது எந்த எபோக்கைச் சேர்ந்தது என்று ரோமன் எண்ணில் அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்காவில் கரி இன்ஜின் போய் டீசல் வந்த 1940கள், 50களைத்தான் பலரும் கட்டுகிறார்கள். இரண்டு வகை இன்ஜினையும் ஒரே தண்டவாளத்தில் பொய்யில்லாமல் ஓட்டலாம் என்பதே காரணம்.

எனக்கு ஆதர்சம் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்டுஷயர் பகுதியில் இருக்கும் பெண்டன் மியூசியம். அதைத் தொடங்கிய ராய் இங்கிலண்ட் என்பவர் ஆஸ்திரேலியர். 1925இல் இங்கிலாந்துக்குப் போனவர், கிராமங்களில் பழைய கூரை வீடுகள் கண்ணெதிரே மாறிப் போவதைப் பார்த்துத் தவித்தார். அளவெடுத்து, அட்டையை வெட்டி, ஒவ்வொரு வீடாகச் சின்ன உருவில் கட்ட ஆரம்பித்தார். 1954இல் அது மியூசியம் ஆனது. இன்றும் அங்கே கட்டப்படுவது 1920கள், 30களின் கிராமப்புறமும் அதன் ஊடே போகும் ரயிலும்தான். அந்த எல்லையை அவர்கள் தாண்டுவதில்லை. தாண்டாததால்தான் அந்த இடத்துக்கு அவ்வளவு மதிப்பு.

சரி, என் எல்லையை நான் எப்படிக் கண்டேன்?

ராமேஸ்வரம் பாதை என்று சொன்னவுடன் நண்பர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "1964க்கு முந்தி எடுங்க. போட் மெயில் கட்டுங்க!" ஆசை எனக்கும் இருந்தது. 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு மெட்ராஸ் எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். கடலின் இரு கரைகளை ஒரே பயணமாகத் தைத்த வண்டி அது. சத்திரக்குடி வழியாகத்தான் போகும். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடியும் போயிற்று, பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் வண்டியும் அதிலிருந்தவர்களோடு கடலில் போயிற்று. அந்தத் தண்டவாளம் திரும்பப் போடப்படவே இல்லை. எடுத்துக் கட்ட இதைவிடக் கனமான காலம் தமிழ்நாட்டு ரயில் வரலாற்றில் இல்லை.

ஆனாலும் நான் அதை எடுக்கவில்லை. நான் பிறந்தது 1969இல். போட் மெயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் என்ன வாசனை வந்தது, கஸ்டம்ஸ் சோதனைக்கு மக்கள் எப்படி வரிசையில் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. புத்தகங்களிலும் புகைப்படங்களிலும் உள்ளதைத்தான் நான் நகல் எடுக்க முடியும். அதைச் செய்ய என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அதோடு, பெரிய சம்பவங்களுக்கு எப்போதும் சாட்சி கிடைக்கும். சத்திரக்குடி மாதிரி ஒரு ஸ்டேஷனின் சாதாரண நாளுக்கு என்னையும் இன்னும் இரண்டு மூன்று பேரையும் விட்டால் சாட்சி கிடையாது.

ஆண்டை எனக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு புகைப்படம். அப்பாவின் டிரங்குப் பெட்டியில், அவருடைய சர்வீஸ் காகிதங்களுக்கு நடுவில் இருந்தது. உள்ளங்கை அளவு, கறுப்பு வெள்ளை. பின்புறம் தேதி இல்லை. அப்பா வெள்ளை யூனிஃபார்மில் நடைமேடையில் நிற்கிறார். பக்கத்தில் சாக்கு மூட்டைகள். பின்னால் ஒரு பெட்டியின் பாதி. ஓரத்தில் ஒரு சுவர்.

கணக்கு டீச்சராக இருப்பதில் ஒரு பயன் உண்டு. தெரியாத எண்ணைத் தெரிந்ததிலிருந்து கண்டுபிடிக்கப் பழகியிருக்கிறோம். பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பெட்டியின் கதவுக்குப் பக்கத்தில் ரோமன் எண்ணில் இரண்டு கோடு. மூன்றாம் வகுப்பை 1974இல் எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய படமாக இருந்தால் மூன்று கோடு இருந்திருக்கும். சுவரில் இரட்டை இலை வரைந்திருந்தது. அந்தச் சின்னம் 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில்தான் முதலில் வந்தது. மூட்டைகளுக்கு அருகில் சாக்கு விரித்து எதையோ கொட்டியிருந்தார்கள். வெயிலில் கிடக்கும் குண்டு மிளகாய் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியானால் மாசி, பங்குனி. கடைசியாக, இலைக்குக் கீழே கிழிந்த ஒரு சினிமா போஸ்டர். படிக்க முடிந்தது இரண்டே சொற்கள்: 'போகும் ரயில்'.

'கிழக்கே போகும் ரயில்' 1978 ஆகஸ்டில் வெளியான படம். அப்பாவுக்கு மாறுதல் வந்து நாங்கள் ஊரைக் காலி செய்தது 1979 ஜூனில். ஆகஸ்டுக்கும் ஜூனுக்கும் இடையில் மிளகாய் காயும் காலம் ஒன்றே ஒன்றுதான் வரும். விடை வந்துவிட்டது. என் மேசைக்கு ஆண்டும் கிடைத்தது, மாதமும் கிடைத்தது.

ஒருமுறை பார்க்க வந்த ஒரு பொறியாளர் அந்தப் போஸ்டரைக் காட்டி, "படம் வந்து ஏழு மாசம் ஆச்சே, இது தப்பு" என்றார். தப்பில்லை. மதுரையில் ஓடி முடிந்து, பரமக்குடிக்கு வந்து, அங்கே தேய்ந்த பிறகுதான் ரீல் பெட்டி எங்கள் டூரிங் டாக்கீஸுக்கு வரும். கொட்டகையின் முன்வரிசை மணலில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தவள் நான். காலத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் தேதிகளின் பட்டியலைப் பார்த்துக் கட்டுவதல்ல. ஒரு ஊருக்கு ஒரு பொருள் எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்பதும் அந்தக் காலத்தின் பகுதிதான்.

ஆண்டு முடிவானதும் மற்ற முடிவுகள் தாமாக வரிசையில் வந்து நின்றன. அது மீட்டர் கேஜ் காலம், தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். நான் எடுத்த எச்.ஓ. அளவு 1:87. வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வருகிறது. கடையில் 12 மில்லிமீட்டர் பாதை கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண் மன்னித்துவிடும். இதே ஸ்டேஷனை 2007இல் அகலப் பாதை வந்த பிறகு உள்ளதாகக் கட்டியிருந்தால், 1676 மில்லிமீட்டரை வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். அந்த அளவுக்குப் பரவலாகக் கிடைக்கிற பாதையோ 16.5 மில்லிமீட்டர்தான். கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் இடிக்கும். நம் ஊரில் பலர் கவனிக்காத விஷயம் இது. காலத்தை மாற்றினால் தண்டவாளத்தின் அகலமே மாறுகிறது.

இன்ஜின் ஒய்.பி. 1949 முதல் 1970 வரை 871 கட்டப்பட்ட, நம் மீட்டர் கேஜ் பாதைகளின் உழைப்பாளி. எனக்குக் கடையில் ரெடியாகக் கிடைக்கவில்லை. வரைபடத்தைப் பார்த்து ஸ்டைரீன் ஷீட்டை வெட்டி ஒட்டினேன். பெட்டிகளுக்குச் செங்காவி நிறம். தொண்ணூறுகளில் வந்த நீலம் என் மேசையில் நுழையக்கூடாது. ஸ்டேஷனுக்கு வெளியே சீமைக்கருவேலம் உண்டு, ஆனால் இன்று போல மண்டிக் கிடக்காது. நடைமேடையில் மிளகாய் மூட்டை. அப்பா ஐந்தடி ஆறங்குலம், 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டர். கையில் பச்சைக் கொடியோடு நிற்கிறார்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்த பிறகுதான் பாயிண்ட்ஸ்மேன் மாமாவைப் பரமக்குடியிலிருந்து அழைத்து வந்தேன். அப்பாவோடு வேலை பார்த்தவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மாடிப்படி ஏற இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். மேசைக்கு முன்னால் நாற்காலி போட்டேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு அவுட்டர் கைகாட்டியைக் காட்டிக் கேட்டார்.

"பாப்பா, ராத்திரி வண்டிக்கு இது எப்படித் தெரியும்?"

எனக்குப் புரியவில்லை. "வெளக்கு எங்கே? ஏணி எங்கே? தினம் அந்தி சாயறப்போ நாந்தானே ஏறி வெளக்கு வப்பேன். மண்ணெண்ணெ ஊத்தி, திரியத் தட்டி, சிம்னியத் தொடச்சு. மழையானாலும் காத்தானாலும் ஏறணும். ஒங்கப்பா கீழே நின்னு, 'பாத்துய்யா, பாத்து'ன்னுட்டு இருப்பாரு."

கைகாட்டியின் மரக்கையைச் சிவப்பில் தீட்டி, குறுக்கே வெள்ளைப் பட்டை போட்டு, கம்பி இழுத்தால் அது கீழே இறங்கும்படிகூடச் செய்திருந்தேன். அந்தக் கையின் வேர்ப்பக்கத்தில் சிவப்புக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் இருந்தன. அந்தக் கண்ணாடிகளுக்குப் பின்னால் ஒரு விளக்கு வேண்டும், அந்த விளக்குக்குப் பின்னால் ஒரு மனிதர் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. பகலில் பார்த்த குழந்தையின் நினைவு என்னுடையது. அந்தியில் ஏறிய மனிதரின் நினைவு அவருடையது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு நாள் முழுமையாகிறது.

அன்று அவர் போவதற்குள் டோக்கன் பந்தைப் பற்றிச் சொன்னார். அடுத்த ஸ்டேஷன் வரை பாதை காலி என்பதற்கு அடையாளமாக டிரைவரிடம் கொடுக்க வேண்டிய இரும்புப் பந்து. அதைத் தோல் பையில் போட்டு, வளையத்தில் மாட்டி, நிற்காமல் போகும் வண்டிக்கு நடைமேடையிலிருந்து நீட்ட வேண்டும். வளையத்தை எந்தக் கையில், எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று எழுந்து நின்று காட்டினார். அவர் நின்ற அந்தக் கோணத்தில்தான் இப்போது மேசையில் ஒரு சின்ன உருவம் நிற்கிறது. எந்தப் புத்தகத்திலும் எனக்கு அந்தக் கோணம் கிடைத்திருக்காது. போட் மெயில் காலத்தை எடுத்திருந்தால், வந்து தப்பைத் திருத்த எனக்கு யார் இருந்திருப்பார்கள்?

ஒன்றுமே நடக்காத வருடம் என்று நான் சொன்னதையும் மாமாதான் மாற்றினார். "இந்த வண்டியில சிலோன்காரங்க வந்தாங்களே, அவங்க எங்கே?" என்றார். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அவர்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து ரயிலேறித் தாங்கள் கண்டிராத ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள். 1979இலும் அது நடந்துகொண்டிருந்தது. மாமா சொன்ன பிறகு எனக்கும் நினைவு வந்தது. ஜன்னலோரம் தகரப் பெட்டியை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா, எங்கள் ஸ்டேஷன் குழாயில் தண்ணீர் பிடிக்க இறங்கிய ஆண்கள், "இது எந்த ஊரு?" என்று என்னைக் கேட்ட ஒரு பையன்.

அந்தக் குடும்பங்கள் இப்போது என் ரயிலின் மூன்றாவது பெட்டியில் இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டது ஒரு இன்ஜினின் காலம் என்று எண்ணியிருந்தேன். அந்த வண்டியில் யார் ஏறினார்கள், எதற்காக ஏறினார்கள் என்பதும் அதோடு சேர்ந்தே வருகிறது.

இதற்கு எதிர்க்கருத்து உண்டு. "என் வீடு, என் மேசை, எனக்குப் பிடித்ததை ஓட்டுவேன்" என்பார்கள். குழந்தைகளுக்கு அது முழுக்கச் சரி. கரி இன்ஜினும் புல்லட் ரயிலும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால்தான் அவர்களுக்கு ஆனந்தம். பெரியவர்களிலும் வண்டி சுற்றுவதைப் பார்த்து மனம் ஆற வேண்டும் என்று மட்டும் நினைப்பவர்களிடம் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஒரு ஊரைக் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு அந்தச் சுதந்திரம் உதவாது. எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்றால், எதை வைத்தாலும் அதற்கு அர்த்தம் இல்லாமல் போகிறது. செங்காவிப் பெட்டிக்குப் பக்கத்தில் செல்போன் கோபுரம் நின்றால் இரண்டுமே பொய்யாகின்றன.

"முழுத் துல்லியம் உங்கள் மேசையிலும் இல்லையே" என்பது இன்னொரு வாதம். உண்மைதான். 400 மீட்டர் லூப் லைனை அளவு மாறாமல் போட்டால் நாலரை மீட்டருக்கு மேல் வேண்டும். என் மேசையே அவ்வளவு நீளம் இல்லை. அதனால் பாதையைக் குறுக்கினேன், நடைமேடையைக் குறுக்கினேன், பனங்காட்டைப் பத்து மரமாக்கினேன். இடம் போதாமல் இடத்தைச் சுருக்குவது எல்லாரும் செய்வது, பார்க்கிறவர்களுக்கும் அது புரியும். காலத்தைக் கலப்பதற்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் வகுப்பில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவன், "எனக்குப் பழசு எதுவும் தெரியாதே டீச்சர், நான் எந்தக் காலத்தைக் கட்டுவது?" என்று கேட்டான். உன் காலத்தைக் கட்டு என்றேன். 1914இன் பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்தினார்கள். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறந்தது. நடுவில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வண்டிகள் மண்டபத்தோடு நின்றன. ராமேஸ்வரத்துக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு அங்கே இறங்கி பஸ் பிடித்தார்கள். 2023ஆம் ஆண்டு மண்டபம் ஸ்டேஷன் என்று ஒருவர் கட்டினால் அது எவ்வளவு அருமையான காலம்! இன்றைக்கு அது யாருக்கும் வரலாறாகத் தெரியவில்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் பழைய வகைப் பெட்டி கட்டுவதை 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். நாம் இன்றும் ஏறி இறங்கும் அந்தப் பெட்டி நம் கண்ணெதிரிலேயே பழசாகிக்கொண்டிருக்கிறது. இப்போது போனால் பார்த்து எழுதிக்கொள்ளலாம், நினைவில் இருப்பவர்களைக் கேட்கலாம். இருபது வருடம் கழித்து அந்தப் பையன் ஒரு புகைப்படத்தைப் பூதக் கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்காது.

ஆகவே காலத்தை முடிவு செய்யப் போகிறவர்களுக்கு என் யோசனை இது. உங்களுக்குத் தெரிந்த ஒரு ஸ்டேஷனை எடுங்கள். அதைத் தெரிந்தவர்களில் வயதில் மூத்தவர் யார் என்று பாருங்கள். அவருடைய நினைவு எந்த ஆண்டில் துலக்கமாக இருக்கிறதோ அந்த ஆண்டை எடுங்கள். முடிந்தால் மாதத்தையும் முடிவு செய்யுங்கள். எந்தப் பயிர் அறுப்பு, எந்தத் தேர்தல், கொட்டகையில் எந்தப் படம் என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். இன்ஜினைக் கடைசியாக வாங்குங்கள். அவரிடம் போவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மாமா போன பிறகு கைகாட்டிக்கு ஏணி செய்தேன். கம்பம் ஒன்பது சென்டிமீட்டர் உயரம். மெல்லிய பித்தளைக் கம்பியில் படிக்குப் படி மூன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பற்றவைத்தேன். ஒரு ஏணிக்கு இரண்டு மாலைகள் ஆயின. உச்சியில் நெல்மணியைவிடச் சின்னதாக ஒரு பல்பு வைத்து, மேசையின் காலருகே ஒரு சுவிட்ச் போட்டேன். அடுத்த முறை மாமா வந்தபோது அறையின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, அவர் கையைப் பிடித்து அந்தச் சுவிட்சின் மேல் வைத்தேன். அந்தியில் கைகாட்டிக்கு விளக்கு வைப்பது அவர் வேலை.